மூணு, ரெண்டு, ஆறு: என் ஈறுகளின் கணக்கு

நாற்காலியில் மல்லாந்து படுத்திருக்கிறேன். முகத்துக்கு நேரே விளக்கு. பல் மருத்துவர் கையில் முனை மழுங்கிய மெல்லிய கம்பி ஒன்று. அதைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடங்களில் அளந்து, எண்களைச் சொல்லிக்கொண்டே போகிறார். பக்கத்தில் உதவியாளர் எழுதிக்கொள்கிறார். "மூணு, ரெண்டு, மூணு. மூணு, ரெண்டு, நாலு." கடைவாய்ப் பக்கம் போனதும் குரல் கொஞ்சம் இறங்கியது. "அஞ்சு, நாலு, ஆறு. ஆறு, அஞ்சு, ஏழு."

எண் கூடினால் நல்லது என்றே பள்ளிக்கூடத்திலிருந்து பழகியவன் நான். ஏழு வந்தபோது உள்ளுக்குள் ஒரு சின்னத் திருப்திகூட வந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். எழுந்து வாய் கொப்பளித்தபோது துப்பியது முழுக்கச் சிவப்பு. அப்புறம்தான் அவர் விளக்கினார். அவையெல்லாம் மில்லிமீட்டர். ஈறு பல்லை ஒட்டிப் பிடித்திருக்கும் இடத்தில் இயல்பாகவே ஒரு சிறு பள்ளம் உண்டு. அது மூன்று வரை இருந்தால் கவலை இல்லை. நான்கைத் தாண்டினால் ஈறு பல்லை விட்டுப் பிரிந்து ஒரு பை உண்டாகியிருக்கிறது என்று பொருள். ஆறு, ஏழு என்றால் பை ஆழமாகி, பல்லைத் தாங்கும் எலும்பும் கரைந்திருக்கிறது.

"எத்தனை வருஷமா ரத்தம் வருது சார்?" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஏழெட்டு வருடம் இருக்கும்.

ஏழெட்டு வருடமாக வாஷ்பேசினில் இளஞ்சிவப்பு நுரையைப் பார்த்துக்கொண்டே தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறேன். பிரஷ் முரடாக இருக்கிறது, வேகமாகத் தேய்த்துவிட்டேன், வைட்டமின் குறைச்சல் என்று ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு காரணம் கையில் இருந்தது. வலி இல்லாததுதான் என்னை ஏமாற்றியது. விரல் நுனியில் தினமும் இரண்டு சொட்டு ரத்தம் வந்தால் இரண்டாம் நாளே யாரிடமாவது காட்டியிருப்பேன். வாய்க்குள் வந்ததால் அது ரத்தமாகவே படவில்லை. போதாததற்கு, ரத்தம் வருகிற இடத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களைத் தேய்க்கும் பழக்கமும் வந்துவிட்டது. புண்ணுக்கு ஓய்வு கொடுப்பதாக நினைப்பு. உண்மையில் கிருமிகளுக்குத்தான் ஓய்வு கொடுத்திருக்கிறேன்.

மருத்துவரிடம் போனதுகூட ரத்தத்துக்காக இல்லை. கீழ்வரிசை முன்பற்கள் இரண்டுக்கு நடுவே புதிதாக ஓர் இடைவெளி தெரிந்தது. அதற்கும் சில மாதம் முன்னாலிருந்தே என் மனைவி, "என்னங்க, தப்பா எடுத்துக்காதீங்க, வாய் ஒரு மாதிரி வாடை அடிக்குது" என்று தயங்கித் தயங்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மருத்துவர் வயதில் என் மகளைவிடச் சற்றே மூத்தவராக இருப்பார். எக்ஸ்ரேவை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு அவர் கேட்ட அடுத்த கேள்வி பல்லைப் பற்றியது இல்லை. "சுகர் இருக்கா? கடைசியா மூணு மாச சராசரி எவ்வளவு வந்துச்சு?"

எனக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருடம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.4 சதவீதம். மாத்திரை கூட்டியும் ஒரு வருடமாக அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. சர்க்கரைக்குப் பார்க்கும் மருத்துவர் கண்ணைப் பார்த்தார், பாதத்தைப் பார்த்தார், சிறுநீரகத்துக்குப் பரிசோதனை எழுதினார். வாயைத் திற என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் திறந்து காட்டியதில்லை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பல் ஒரு துறை, உடம்பு இன்னொரு துறை என்ற பிரிவினை அவருக்கு மட்டுமல்ல, எனக்கும் இருந்தது. ஆனால் ஹரால்ட் லோ என்ற பல் ஆராய்ச்சியாளர், ஈறு நோயைச் சர்க்கரை நோயின் ஆறாவது சிக்கல் என்று 1993-லேயே எழுதிவிட்டார். கண், சிறுநீரகம், நரம்பு, பெரிய ரத்தக் குழாய், ஆறாத புண் ஆகியவற்றுக்கு அடுத்ததாக ஈறு. எனக்கு அது தெரிய வர இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

அதே லோ 1965-இல் செய்த இன்னொரு சோதனையைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஈறு ஆரோக்கியமாக இருந்த 12 பேரைப் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தச் சொன்னார். பத்து நாளிலிருந்து இருபத்தொரு நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கி ரத்தம் கசிய ஆரம்பித்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரம் பத்து நாளில் சரியாகிவிட்டது. ஈறில் ரத்தம் வருவதற்குக் காரணம் பல்லில் படியும் கிருமிப் படலம்தான் என்று நிலைநாட்டிய சோதனை அது. எனக்கு அதில் உறைத்தது இரண்டாம் பாதி. ஆரம்பத்திலேயே கவனித்திருந்தால் பத்தே நாளில் முடிந்திருக்கும் விஷயம்.

அந்தப் படலத்தை 1683-இலேயே ஒருவர் பார்த்துவிட்டார். ஹாலந்துக்காரரான ஆன்டனி வான் லீவன்ஹுக், தாம் கடைந்த கண்ணாடி வில்லையின் வழியே தம் பல்லிடுக்கு அழுக்கைப் பார்த்து, அதில் உயிரினங்கள் துள்ளி ஓடுவதாக லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். தினமும் உப்பால் பல் தேய்ப்பவராம் அவர். அப்படியும் இத்தனை இருந்தனவே என்பதுதான் அவருடைய வியப்பு.

என் வாயில் நடந்ததை மருத்துவர் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன். துலக்காமல் விட்ட படலம் சில நாளிலேயே எச்சிலில் உள்ள தாதுக்களால் இறுகிக் காரையாகிறது. காரை ஏறிய பல்லை என்ன துலக்கினாலும் அது போகாது. அதன் சொரசொரப்பில் புதுப் படலம் இன்னும் வசதியாகக் குடியேறுகிறது. ஈறு வீங்கி விலக, காற்றுப் புகாத ஒரு பை கிடைக்கிறது. காற்று ஆகாத பாக்டீரியாக்களுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ், ட்ரெபோனீமா டென்டிகோலா, டானெரெல்லா ஃபார்சிதியா என்ற மூன்றும் ஆழமான பைகளில் சேர்ந்தே காணப்படுகின்றன. 1998-இல் சோக்ரான்ஸ்கியும் அவர் கூட்டாளிகளும் இந்த மூன்றையும் 'சிவப்புக் கூட்டம்' என்று வகைப்படுத்தினார்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நானும் எழுதி வைத்துப் படித்ததுதான். இதில் முதலாவது, போர்ஃபைரோமோனாஸ், ரத்தத்திலிருக்கும் இரும்புச் சத்து சேர்ந்த ஹீம் என்ற பொருளைத் தின்று வளர்கிறது. ஈறில் கசியும் ரத்தமே அதற்குச் சாப்பாடு. எண்ணிக்கையில் கொஞ்சமாக இருந்தாலும், நம் எதிர்ப்பு சக்தியைக் குழப்பிவிட்டு மொத்தக் கூட்டத்தையும் தனக்குச் சாதகமாக மாற்றிவிடும் என்கிறார்கள்.

எலும்பைக் கரைப்பது அந்தக் கிருமி நேரடியாக இல்லை. கிருமியை விரட்ட முடியாமல் வருடக்கணக்கில் எரிந்துகொண்டிருக்கும் நம் உடம்பின் அழற்சிதான் எலும்பைக் கரைக்கிறது. போன எலும்பு சுத்தம் செய்வதால் திரும்பி வருவதில்லை. இருப்பதைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான். இதைக் கேட்டபோது எக்ஸ்ரேவில் என் கடைவாய்ப் பற்களின் வேர்கள் மண் அரித்த மரம் போல நின்றிருந்தன.

உடம்போடு தொடர்பு எங்கே வருகிறது? பைகளின் உட்சுவர் முழுவதும் புண். அவையெல்லாம் சேர்த்தால் உள்ளங்கை அளவு என்று பலர் சொல்வார்கள். கவனமாகக் கணக்கிட்டவர்கள் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை என்கிறார்கள். குறைவான எண்ணையே எடுத்துக்கொண்டாலும், கையில் அப்படி ஒரு ஆறாத புண்ணை வைத்துக்கொண்டு யாராவது வேலைக்குப் போவார்களா? மெல்லும்போதும் துலக்கும்போதும் அந்தப் புண் வழியாகக் கிருமிகள் ரத்தத்தில் நுழைகின்றன. பெரும்பாலும் சிறிது நேரத்தில் உடம்பு அவற்றை அழித்துவிடும். ஆனால் அழற்சியை மூட்டும் பொருள்கள் ரத்தத்தில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. சிஆர்பி என்ற அழற்சிக் குறி பலருக்குக் கூடுகிறது. அழற்சி இருந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. சர்க்கரை கூடினால் ஈறில் புண் ஆறாது, கிருமி பெருகும். ஒன்றை ஒன்று தள்ளிவிட்டுக்கொண்டே போகும் வட்டம். நான் அந்த வட்டத்துக்குள் நின்றுகொண்டு மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டிருந்தேன்.

சிகிச்சை நான்கு அமர்வு. வாயை நான்கு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு வாரமும் ஒரு பகுதி. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு மேலும் கீழும் உள்ள காரையை அதிரும் கருவியாலும் கைக்கருவியாலும் சுரண்டி, வேரை வழவழப்பாக்குகிறார்கள். சாதாரண க்ளீனிங் இல்லை இது, ஆழச் சுத்தம். வலி இல்லை. சத்தம்தான். மண்டைக்குள் யாரோ சுவரைச் சுரண்டுவது போல இருக்கும். முதல் அமர்வில் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்ததில் மறுநாள் முன்கைதான் வலித்தது.

இரண்டாம் அமர்வு முடிந்த அன்று மாலை உடம்பு லேசாகக் கணகணத்தது. பயந்துபோய் அழைத்தேன். ஒரு நாளில் போய்விடும், போகாவிட்டால் வாருங்கள் என்றார். மறுநாள் காலை ஒன்றும் இல்லை. பிறகு படித்தபோது அதற்கு ஒரு விளக்கம் கிடைத்தது. 2007-இல் டொனெட்டியும் அவர் குழுவினரும் கடும் ஈறு நோய் இருந்த 120 பேரிடம் நடத்திய ஆய்வு. முழுத் தீவிரச் சிகிச்சை பெற்றவர்களுக்கு முதல் 24 மணி நேரத்தில் அழற்சி கூடி, ரத்தக் குழாய்கள் விரியும் திறன் குறைந்தது. அறுபதாம் நாளிலும் ஆறாம் மாதத்திலும் அந்தத் திறன், வழக்கமான சுத்தம் மட்டும் பெற்றவர்களைவிட மேம்பட்டிருந்தது. கிளறிய அன்று தூசி பறக்கும், பிறகு அடங்கும். என் மாலைக் காய்ச்சல் அந்தத் தூசி என்றே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு மூன்று நாள் நீடிக்கும் காய்ச்சலை அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது.

முடிந்த பிறகு கண்ணாடியில் பார்த்ததும் அழுகை வராத குறை. வீக்கம் வடிந்து ஈறு சுருங்கியிருந்தது. பற்கள் நீளமாகத் தெரிந்தன. நடுவே கறுப்பு முக்கோணங்கள். குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுளீர் என்றது. க்ளீனிங் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்று ஊரெல்லாம் சொல்வது இதைத்தான் என்று அப்போது புரிந்தது. இடைவெளி முன்பே விழுந்தாயிற்று. காரையும் வீங்கிய ஈறும் அதை அடைத்துக்கொண்டிருந்தன. கூச்சம் சில வாரத்தில் குறைந்தது. முக்கோணங்கள் இன்னும் இருக்கின்றன. பழகிவிட்டது.

வீட்டில் செய்ய வேண்டியதைக் கற்றுக்கொள்ள எனக்குச் சிகிச்சையைவிட அதிக நாள் பிடித்தது. ஐம்பத்திரண்டு வயதில் பல் துலக்கப் பாடம். மென்மையான பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் வைத்து, ஈறுப் பக்கம் பார்த்தபடி, இருந்த இடத்திலேயே சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும். நான் இவ்வளவு காலம் செய்தது குறுக்கே ரம்பம் அறுப்பது. பிரஷ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இரண்டு பல் தொடும் இடத்துக்குள் போகாது. என் ஏழுகள் எல்லாம் அந்த இடுக்குகளில்தான் இருந்தன. அதற்குப் பல்லிடுக்குப் பிரஷ். இடைவெளி பெரிதாக இருப்பவர்களுக்கு பல்லிடுக்கில் விடும் நூலைவிட இதுவே நன்றாக வேலை செய்கிறது. ஒரே அளவு எல்லா இடுக்குக்கும் சரிவராது. எனக்கு மூன்று அளவு வேண்டியிருந்தது. எந்த இடத்துக்கு எது என்று மருத்துவரே கண்ணாடியைக் கொடுத்து ஒவ்வொன்றாகச் செருகிக் காட்டினார். நீங்களும் அப்படிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கடையில் நின்று ஊகித்து வாங்கியதில் நான் இரண்டு பாக்கெட்டை வீணாக்கினேன்.

முதல் வாரம் இடுக்குப் பிரஷ் போட்டால் ரத்தம் வரும். அங்கேதான் பெரும்பாலானவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது. மெதுவாக, தினமும், அதே இடத்தில். எனக்குப் பன்னிரண்டாம் நாள் நுரை முதல்முறையாக வெள்ளையாக வந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதையெல்லாமா காட்டுவாங்க" என்று போய்விட்டாள். இரண்டு வாரத்துக்கு மேலும் ஒழுங்காகச் செய்து ஒரே இடத்தில் ரத்தம் நிற்கவில்லை என்றால், அங்கே உங்கள் கைக்கு எட்டாத காரை இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

வாய் கொப்பளிக்கும் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. குளோர்ஹெக்ஸிடின் நல்ல மருந்து, சில நாளுக்கு. எனக்கு இரண்டு வாரத்துக்கு எழுதிக்கொடுத்தார். வாடை போனதும் ஆசை வந்து நானாகவே இரண்டு மாதம் நீட்டினேன். பல்லெல்லாம் பழுப்புக் கறை. நாக்கில் எல்லாமே ஒரே ருசி. படலத்தைத் தேய்த்துக் கலைக்காமல் மேலே மருந்து ஊற்றுவதில் பெரிய பயன் இல்லை. ஆன்டிபயாடிக் மாத்திரைக்கும் இதே கதைதான். படலத்துக்குள் கோட்டை கட்டியிருக்கும் கிருமியை மாத்திரை மட்டும் அசைக்காது. ஈறு வீங்கும்போதெல்லாம் மருந்துக் கடையில் கேட்டு வாங்கி இரண்டு நாள் விழுங்கி நிறுத்தியவன் நான். அதைச் சொன்னபோது மருத்துவர் முதன்முறையாக முகம் சுளித்தார்.

மூன்று மாதம் கழித்து ரத்தம் கொடுத்தேன். 7.8.

8.4-லிருந்து 7.8. மாத்திரை மாறவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் பல்லைக் காட்ட ஆரம்பித்தேன். ஆற அமர யோசித்தபோது ஒன்று உறுத்தியது. இரவில் பத்து நிமிடம் மெனக்கெட்டு இடுக்கு இடுக்காகச் சுத்தம் செய்த பிறகு மறுபடி எதையாவது கொறிக்க மனம் வரவில்லை. படுக்கப் போகும்முன் டப்பாவைத் திறக்கும் பழக்கம் மூன்று மாதமாக நின்றுபோயிருந்தது. அப்படியென்றால் அந்த 0.6-இல் ஈறின் பங்கு எவ்வளவு, டப்பாவின் பங்கு எவ்வளவு? என் ஒருவன் உடம்பை வைத்து அதைப் பிரிக்க முடியாது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பீட்டில், ஈறு சிகிச்சைக்குப் பின் மூன்று நான்கு மாதத்தில் ஹெச்பிஏ1சி சராசரியாக 0.4 அளவு குறைந்திருக்கிறது. ஆனால் 2013-இல் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வில் ஒன்றுமே குறையவில்லை. சர்க்கரை மருந்துக்குப் பதிலாக ஈறு சிகிச்சை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மருந்தோடு சேர்த்துச் செய்யலாம், செய்ய வேண்டும்.

இந்த நிதானம் எனக்குப் பிறகுதான் வந்தது. நடுவில் ஒரு ஆறு மாதம் ஈறு மதத்தின் பிரச்சாரகனாகத் திரிந்தேன். இரவெல்லாம் படிப்பது, காலையில் யாரையாவது பிடித்துப் போதிப்பது. மாரடைப்பா, ஈறு. மூட்டுவலியா, ஈறு. மறதியா, ஈறு. என் அண்ணனுக்கு இரண்டு வருடம் முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். முப்பது வருடம் புகைபிடித்தவர். அவரிடம் போய், "உனக்கு அட்டாக் வந்ததே உன் பல்லாலதான்" என்றேன். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். "அப்ப எல்லாத்தையும் பிடுங்கிடவாடா?" என்றார். கேலியாகச் சொன்னாரா நிஜமாகவா என்று தெரியவில்லை. நான் பயந்துவிட்டேன்.

ஏனென்றால் அது ஒருமுறை நடந்திருக்கிறது. 1910-இல் வில்லியம் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் பேசும்போது, வாய்க் கிருமிகளே உடம்பின் பல நோய்களுக்கு மூலம் என்று முழங்கினார். அதையொட்டிப் பரவிய கொள்கையை நம்பி, மூட்டுவலி முதல் மனநோய் வரை எல்லாவற்றுக்கும் பல்லைப் பிடுங்கினார்கள். நல்ல பற்களும் போயின. நோயாளிகள் பலர் அப்படியே இருந்தார்கள். பிற்பாடு அந்தக் கொள்கை மதிப்பிழந்தபோது, வாய்க்கும் உடம்புக்கும் தொடர்பே இல்லை என்ற எதிர்க் கோடிக்குப் போய்விட்டார்கள். 1989-இல் ஃபின்லாந்தில் மாரடைப்பு வந்தவர்களின் பல் நிலை மற்றவர்களைவிட மோசமாக இருப்பதை மட்டிலாவும் குழுவினரும் வெளியிட்ட பிறகுதான் பேச்சு மறுபடி எழுந்தது.

இன்றைய நிலவரத்தை நான் புரிந்துகொண்டவரை சொல்கிறேன். ஈறு நோய் உள்ளவர்களுக்கு இதய நோய் அதிகம் காணப்படுகிறது என்பது உண்மை. புகை, சர்க்கரை, வயது போன்றவை இரண்டுக்கும் பொதுவான காரணங்கள் என்பதும் உண்மை. அவற்றைக் கழித்த பிறகும் தொடர்பு மிஞ்சுகிறது, ஆனால் ஈறு நோய்தான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை, ஈறைச் சரிசெய்தால் மாரடைப்பு தடுக்கப்படும் என்றும் காட்டப்படவில்லை என்று அமெரிக்க இதயச் சங்கம் 2012-இல் சொன்னது. மறதி நோய்க் கதை இன்னும் நல்ல பாடம். 2019-இல் அல்சைமர் நோயாளிகளின் மூளையில் போர்ஃபைரோமோனாஸின் நொதிகளைக் கண்டதாக ஓர் ஆய்வு வந்ததும் உலகமே பரபரத்தது. அந்த நொதியைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2021-இல் வந்த முடிவில் மருந்து அதன் முக்கிய இலக்குகளை எட்டவில்லை. ருமட்டாய்டு என்ற மூட்டுவாதத்தில் ஒரு சுவையான தடயம் உண்டு. இதே கிருமி புரதங்களின் வடிவத்தை மாற்றும் ஒரு நொதியைச் சுரக்கிறது, அப்படி மாறிய புரதங்களைத்தான் இந்த மூட்டுவாதம் உள்ளவர்களின் எதிர்ப்பு சக்தி தாக்குகிறது. தடயம்தான். தீர்ப்பு இல்லை.

ஐயத்துக்கு இடமில்லாத தொடர்புகளும் இருக்கின்றன, அவற்றைப் பற்றி யாரும் பரபரப்பாகப் பேசுவதில்லை. செயற்கை இதய வால்வு வைத்தவர்களுக்கும், முன்பு இதய உட்சுவரில் தொற்று வந்தவர்களுக்கும், சில பிறவி இதயக் குறை உள்ளவர்களுக்கும் வாயிலிருந்து ரத்தத்தில் போகும் கிருமி அங்கே போய் ஒட்டிக்கொள்ளலாம். ஈறைச் சுரண்டும் சிகிச்சைக்கு முன் அவர்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். அதனால் பல் மருத்துவரிடம் இதயக் கதையை மறைக்கக் கூடாது. இன்னொன்று நுரையீரல். படுக்கையில் இருக்கும் முதியவர்கள் எச்சிலை மூச்சுக்குழாய்க்குள் விட்டுக்கொள்வதால் நிமோனியா வருகிறது. வாயைச் சுத்தமாக வைத்தால் அது குறைகிறது என்று ஜப்பானிய முதியோர் இல்லங்களில் செய்த ஆய்வு 1999-இலேயே காட்டியது. என் அம்மாவின் கடைசி ஒரு வருடம் படுக்கையில் போனது. உடம்பைத் துடைத்தோம், முதுகில் புண் வராமல் புரட்டினோம். வாய்ப் பக்கம் யாரும் போகவில்லை. செயற்கைப் பல்செட்டைக்கூட இரவில் கழற்றவில்லை. இப்போது நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. வீட்டில் அப்படி யாராவது இருந்தால் மென்மையான பிரஷ்ஷால் ஒரு நாளைக்கு இரண்டு முறை, தலையைச் சற்றே உயர்த்திப் பக்கவாட்டில் சாய்த்து, துடைத்துவிடுங்கள். பல்செட்டை இரவில் கழற்றிக் கழுவி வையுங்கள்.

கருவுற்ற பெண்களைப் பற்றியும் கேட்கிறார்கள். 2006-இல் வந்த பெரிய ஆய்வொன்றில், கர்ப்ப காலத்தில் ஈறு சிகிச்சை செய்ததால் குறைப்பிரசவம் குறையவில்லை. ஆனால் சிகிச்சையால் தாய்க்கோ குழந்தைக்கோ கெடுதலும் இல்லை. ஈறு வீங்கி ரத்தம் வந்தால் பிரசவம் முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

மருத்துவர் கேட்டு நான் வியந்த இன்னும் இரண்டு கேள்விகள். ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு என்ன மாத்திரை? அம்லோடிபின் போன்ற சிலவும், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயினும் சிலருக்கு ஈறைத் தடித்து வளரச் செய்யும். நாமாக நிறுத்தக் கூடாது, எழுதியவரிடம் சொன்னால் வேறு மாற்றித் தருவார். இரண்டு, புகை உண்டா? புகைப்பவர்களுக்கு ஈறின் ரத்த ஓட்டம் குறைவதால் ரத்தக் கசிவு குறைவாகத் தெரியும். உள்ளே எலும்பு வேகமாகக் கரைந்துகொண்டிருக்கும், வெளியே ஈறு வெளிறி, கெட்டியாக, நல்லது போலவே இருக்கும். இதைக் கேட்டதும் எனக்கு அண்ணன் ஞாபகம்தான் வந்தது. அவர் எப்போதும் பெருமையாகச் சொல்வார், "எனக்கெல்லாம் ஒரு சொட்டு ரத்தம் வந்தது கிடையாது."

அவரைக் கூட்டிப்போக மேலும் நான்கு மாதம் ஆனது. மாரடைப்புப் பேச்சை நான் எடுக்கவில்லை. பல் பல்லுக்காகவே இருக்கட்டும், மென்று தின்ன வேண்டாமா என்று மட்டும் சொன்னேன். ரத்தம் உறையாமலிருக்க அவர் எடுக்கும் மாத்திரையைப் பல் சிகிச்சைக்காக இரண்டு நாள் நிறுத்தலாமா என்று கேட்டார். கூடாது, அதை முடிவு செய்ய வேண்டியவர் இதய மருத்துவர் என்று பல் மருத்துவரே கறாராகச் சொல்லி, அவரிடம் பேசிவிட்டுத்தான் நாள் குறித்தார்.

எனக்கு இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்பு. ஏழுகள் நாலாகவும் ஐந்தாகவும் இறங்கிவிட்டன. ஒரு கடைவாய்ப் பல் மட்டும் ஆறிலேயே நிற்கிறது, அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்கிறார். கடைசி ஹெச்பிஏ1சி 7.6.

அண்ணனை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. எண்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. "நாலு, மூணு, அஞ்சு. ஆறு, ஆறு, எட்டு." எனக்கு இப்போது அந்தப் பாஷை தெரியும். முடிந்ததும் கன்னத்தைத் தடவிக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரத்தமே வரலடா, பாத்தியா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆறுக்கு மேல எத்தனை சொன்னாங்க, எண்ணினியா?"

எண்ணவில்லை என்றேன். பதினொன்று.